பியானோவுக்குள் ஒரு மௌனம்

அந்த டெலிபோன் எத்தனை தடவை அடித்த பிறகு யகோதா எடுத்தாள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

மூன்று தடவை என்று சார்ஜென்ட் புருனோ சொல்வார். அவர் ஞாபகத்தை நம்புவதற்கில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்றுகூடச் சொல்வார். வெயில் கொளுத்தியது என்பது என் ஞாபகம்... அதுவும் சந்தேகம்தான்.

சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் ஒன்றே ஒன்று.

பிணம்!

போலந்தில் கிராக்கோவ் நகரத்துப் பெரிய சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது 'மூன்று மெழுகுவத்தி' என்ற நிலவறை ஜாஸ் கிளப். அதன் மேடைக்கும் மதுக்கடை மேஜைக்கும் நடுவே குப்புறக் கிடந்தார் ஸெனான் கய்தா. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே, இசைக்குறிப்புத் தாள் வைக்கும் இரும்பு ஸ்டாண்ட்... அடிப்பாகத்தில் ரத்தம்.

முப்பது வருடமாகக் கோடைக்கால ஜாஸ் விழாவை நடத்தி வந்தவர் அவர்.

அவர் சாகும்போது மேலே சதுக்கத்தில் அவருடைய விழாவின் ஊர்வலம்தான் போய்க்கொண்டிருந்தது. ட்ரம்பெட், ட்ரம், கலர் குடைகள், கும்மாளம். ஊரே அங்கே நின்றது. கீழே ஒரு மனிதர் விழுந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை.

இன்ஸ்பெக்டர் யகோதா வில்க் கல்படிகளில் இறங்கி வந்தாள். பிணத்தைப் பார்த்தாள்.

புருனோ அவள் பின்னால் மூச்சு வாங்க வந்தார். கையில் கசகசா தூவிய வளைய ரொட்டி. பாதி தின்றது.

"மேடம், பூட்டு உடையல. சாவி வெச்சிருக்கிறவங்க நாலு பேர்தான்."

நாலு பேரும் யார் என்று அவரே சொன்னார்.

இறந்தவரின் மனைவி கலினா. டிக்கெட் கவுண்ட்டர் அவள் பொறுப்பு. பிணத்தை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

ஒலிப்பதிவாளர் யூரெக். வானொலிக்காகக் கச்சேரிகளைப் பதிவு செய்கிறவன்.

அறிவிப்பாளர் செவெரின் லிஸ். முப்பது வருடமாக இந்த விழாவின் குரல். அவர் 'வணக்கம்' என்று சொன்னால்தான் ஊருக்குக் கோடைக்காலமே தொடங்கும்.

நாலாவது ஆள், லெஸ்டர் ப்ரூக்ஸ். அமெரிக்க ட்ரம்பெட் மேதை. எழுபத்தோரு வயது. பயிற்சி செய்வதற்காக ஸெனானே அவருக்கு ஒரு சாவி கொடுத்திருந்தார்.

"ஊர்வலம் நடக்கறப்போ நாலு பேரும் எங்கே இருந்தாங்க?"

"அதான் மேடம் தலைவலி. கலினா கவுண்ட்டரை மூடிட்டு வேடிக்கை பார்த்தாங்களாம். யூரெக் பீர் குடிச்சானாம். செவெரின் ஊர்வலத்தை ஆரம்பிச்சு வெச்சார், முடிச்சும் வெச்சார்... நடுவுல கூட்டத்தோட கூட்டமா நடந்தாராம். யாரையும் யாரும் பார்க்கல."

"லெஸ்டர்?"

"ஓட்டல்ல தூங்கினாராம். தனியா."

அவ்வளவுதான். அரசு வக்கீல் போகுஷுக்கு அது போதுமானதாக இருந்தது.

இரும்பு ஸ்டாண்டில் லெஸ்டரின் கைரேகை. அது அவருடைய ஸ்டாண்ட்! காலையில் ஒத்திகை பார்க்கும்போது லெஸ்டருக்கும் ஸெனானுக்கும் பலத்த சண்டை. நிறைவு நாள் கச்சேரியில் லெஸ்டரின் நேரத்தை ஸெனான் பாதியாக வெட்டிவிட்டார். அந்த நேரத்தில் ஒரு டி.வி. நடிகை வந்து பேசப் போகிறாள். 'உன் மண்டையை உடைப்பேன்' என்று லெஸ்டர் கத்தியதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலமே கைது!

இரண்டு நாள் போலீஸ் காவலில் வைக்கலாம். செவ்வாய் மாலைக்குள் வேறு எதுவும் கிடைக்காவிட்டால், கோர்ட் மூன்று மாதம் உள்ளே போடும். அதைச் சொன்ன போகுஷ், "கச்சேரி முடிஞ்சு கை தட்டியும் ஆச்சு யகோதா, இன்னும் எதுக்கு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கே?" என்றும் கேட்டார்.

யகோதாவுக்கு எரிச்சல் மண்டியது. காரணம் சொல்லத் தெரியாத எரிச்சல்.

'உடைப்பேன்' என்று ஊர் கேட்கக் கத்திய மனிதர், தன் சொந்த ஸ்டாண்டாலேயே உடைத்துவிட்டு, அதை அங்கேயே போட்டுவிட்டு, ஓட்டலுக்குப் போய்த் தூங்குவாரா?

காவல் நிலைய அறையில் லெஸ்டர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். கேள்வி கேட்டாள். பதில் இல்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து நெடுநேரம் சும்மா இருந்தார்கள்.

ஜன்னல் வழியாக மாதா கோயில் கோபுரத்து ட்ரம்பெட் கேட்டது. வழக்கம்போல் பாதி ராகத்தில் அறுந்தது.

லெஸ்டர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அந்த ஆள் ஒரு நாளாவது முழுசா ஊதுவானாம்மா?"

"மாட்டார். எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி ஊதினவன் தொண்டையில எதிரியோட அம்பு பாஞ்ச இடமாம் அது. அப்போ இருந்து அங்கேயேதான் நிறுத்துவாங்க."

"எனக்கும் இனிமே அதான் கதி." அவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "என் வயசுல இந்த உதடு ஒரு மாசம் ஊதாம இருந்தாலே பலம் போயிடும். மூணு மாசம் ஆனா திரும்ப வராது. நீங்க என்னை விட்டுட்டாலும்... ட்ரம்பெட் என்னை விட்டுடும்."

அவர் கெஞ்சவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

யகோதா எழுந்து வெளியே வந்து கதவை ஓங்கிச் சாத்தினாள். புருனோவின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

திங்கட்கிழமை காலை யூரெக் ஓடி வந்தான்.

முகம் வெளுத்திருந்தது. கையில் ஒலிப்பதிவுக் கருவி.

ஒத்திகை முடிந்ததும் அதை நிறுத்த மறந்துவிட்டானாம். எல்லா மைக்கையும் கழற்றிவிட்டான்... ஒன்றைத் தவிர. பியானோவின் வயிற்றுக்குள் கட்டியிருந்த மைக். மூடி போட்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

கொலை நடந்த நேரம் முழுவதும் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

யகோதா கதவைத் தாழிட்டாள். யூரெக் பொத்தானை அழுத்தினான்.

முதலில் தூரத்தில் பேச்சு. பானைக்குள் அடைத்த வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். ஆணா பெண்ணா என்றுகூடப் புரியவில்லை.

பிறகு... தொம்!

காலடிகள். அவசரமாகப் படியேறிப் போயின. தேய்ந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, அதே காலடிகள் திரும்பி வந்தன. மேடைப் பலகை அதிர்ந்தது. பியானோ மூடியின் மேலிருந்து ஏதோ ஒன்றை எடுக்கும் 'க்ளிக்' சத்தம், காதுக்குள்ளேயே கேட்பதுபோல.

க்ரீச்...

"அது பியானோ ஸ்டூல், மேடம். தோல் ஸ்டூல். உட்கார்ந்தா கத்தும்" என்றான் யூரெக்.

அதன்பிறகு ஒன்றுமில்லை.

மௌனம்.

மறுபடி க்ரீச். காலடிகள் படியேறிப் போய் மறைந்தன.

"கொன்னுட்டு ஓடினவன் திரும்பி வந்து, எதையோ எடுத்துட்டு, பிணத்துக்குப் பக்கத்துல சாவகாசமா உட்கார்ந்தானா? எதுக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள் யகோதா.

"களைப்பா இருந்திருக்கும்" என்றார் புருனோ.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாய் ரொட்டியை மெல்லாமல் விழுங்கினார்.

அன்றைக்கு முழுவதும் அந்த மௌனத்தையே போட்டுப் போட்டுக் கேட்டாள். போகுஷ் போனில் சிரித்தார். குரல் இருந்தால் கொண்டு வா, மௌனத்தைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது என்றார். லெஸ்டரிடமும் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது இசைக்காரன் இல்லம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"பியானோ முன்னால உட்கார்ந்துட்டு ஒரு கட்டையைக்கூடத் தொடாம எந்திரிக்கிற இசைக்காரனை நான் பார்த்ததில்ல. மூடி போட்டிருந்தாலும் மூடி மேலயாவது தட்டுவோம்."

நல்ல வார்த்தை. ஆனால் கோர்ட்டில் செல்லாது!

மாலையில் நிலவறைக்குப் போனாள். செவெரின் கதவைத் திறந்தார். வெள்ளி நிறத் தலைமுடி, சுத்தமான கோட்டு. அவள் வெளியே நின்றபடியே கையை நீட்டினாள்.

அவர் சட்டென்று பின்வாங்கினார்.

"வாசப்படிக்கு மேல கை குடுக்கக் கூடாது மேடம். சண்டை வரும். உள்ள வாங்க, குடுக்கறேன்."

உள்ளே வந்த பிறகு கை குடுத்தார். ஸெனானைப் பற்றி உருகிப் பேசினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் கரையும். சுவரில் நிறைவு நாள் போஸ்டர். டி.வி. நடிகையின் சிரிப்பு முக்கால் பங்கு. லெஸ்டரின் பெயர் அடியில், எறும்பு அளவில்.

யகோதாவுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய் சூப்பைச் சூடு பண்ணினாள். குடிக்காமலே தூங்கிப்போனாள்.

செவ்வாய் காலை.

கெடு நாள்!

அவசரமாகக் கிளம்பிப் படியிறங்கி, டிராம் நிறுத்தம் வரைக்கும் போன பிறகுதான் பாஸை மறந்தது நினைவுக்கு வந்தது. மறந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள். மேஜை மேலிருந்த பாஸை எடுத்தாள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

எண்ணத் தொடங்கினாள்.

அதைப் பற்றி அவள் யோசிக்கக்கூட இல்லை. கிளம்பிப் போனவர் மறந்ததை எடுக்கத் திரும்பி வந்தால், அப்படியே போகக் கூடாது. உட்கார்ந்து பத்து வரை எண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் கெட்டுப் போகும். கிராக்கோவில் குழந்தைக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுக்கும் வயதிலேயே அம்மாக்கள் இதையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

ஆறு... ஏழு... எட்டு...

யகோதாவின் உதடு அப்படியே நின்றது.

க்ரீச். மௌனம். க்ரீச்!

அவள் ஒன்பதையும் பத்தையும் எண்ணி முடித்தாள். பிறகுதான் எழுந்தாள். அவ்வளவு அவசரத்திலும்!

கொன்றவன் இந்த ஊர்க்காரன். லெஸ்டர் இல்லை!

புருனோவிடம் சொன்னபோது அவர் வாயைப் பிளந்தார். நேற்றுக்கூடக் குடையை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்ததாகச் சொன்னார். (பார்த்தீர்களா, மழை என்று அவர் சொல்வது எங்கிருந்து வந்தது என்று!)

"ஆனா மேடம்... இந்த ஊர்ல எல்லாருமே உட்காருவாங்களே?"

அதுதான் சிக்கல். போகுஷும் போனில் அதையேதான் சொன்னார், இன்னும் கேவலமாக. போலந்து தேசத்தையே கைது பண்ணப் போகிறாயா என்று கேட்டார்.

அவள் போனை வைத்துவிட்டு ஜன்னலோரமாக நின்றாள். சதுக்கத்தில் நிறைவு நாள் மேடைக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோபுரத்து ட்ரம்பெட் அறுந்தது. புருனோ மூன்று தடவை செருமினார். அவள் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"மூணு பேரையும் வரச் சொல்லுங்க. வந்ததும் அடையாள அட்டையை வாங்கி என் மேஜையில வெச்சிடுங்க. போறப்போ திருப்பிக் குடுக்க மறந்துடுங்க."

"மறக்கணுமா?"

"உங்களுக்கு அது கஷ்டமில்லையே. கீழ வாசல்ல நிக்கிற காவலர்கிட்டயும் சொல்லுங்க. அட்டை இல்லாம யாரையும் வெளிய விடக் கூடாது. மேல போய் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பட்டும்."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதிவைப் போட்டுக் காட்டினாள். அந்த மௌனம் வந்ததும், "கொலைகாரன் இங்கே உட்கார்ந்திருக்கான். ஏன்னுதான் புரியல. புரிஞ்சா ஆளைப் பிடிச்சிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னாள்.

கலினா அழுதுகொண்டே கேட்டாள். அந்தத் 'தொம்' சத்தத்தைத் தாண்டி அவளால் எதையும் கேட்க முடியவில்லை. எழுந்து போனாள். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அட்டையை விட்டுட்டேன் போல..."

எடுத்தாள். கதவோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சற்றுக் கழித்து எழுந்து போனாள்.

புருனோவின் கண்கள் பளபளத்தன. "உட்கார்ந்துட்டாங்க! மாட்டிக்கிட்டாங்க மேடம்!"

யகோதா கதவோர நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டாள்.

அடுத்து யூரெக். பதிவைக் கேட்டபோது, மைக்கில் இரைச்சல் அதிகம் என்று வருத்தப்பட்டான். போனான். வந்தான். அட்டையைப் பையில் போட்டான். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, விரல்களை மடக்கி மடக்கி எண்ணினான். போய்விட்டான்.

புருனோவின் முகம் காற்றுப் போன பலூன் ஆனது. "இவனும் உட்கார்ந்துட்டானே..."

கடைசியாக செவெரின் லிஸ்.

பதிவை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "ஒண்ணுமே கேட்கலையே மேடம், இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று அந்த அழகான குரலில் கேட்டார். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தார்.

மேஜையிலிருந்த அட்டையை எடுத்தார். திரும்பினார். கதவோர நாற்காலியைப் பார்த்தார்.

நின்றார்.

அவருடைய முழங்கால் லேசாக மடங்கியது... நிமிர்ந்தது. கதவுப் பிடியில் கை வைத்தார்.

"கொஞ்சம் உட்காரலையா சார்?" என்றாள் யகோதா.

"நேரமில்ல மேடம். சாயங்காலம் கச்சேரி."

"கச்சேரியைத்தான் டி.வி. நடிகை பார்த்துக்கறாங்களே."

அவர் முதுகு விறைத்தது.

"திரும்பி வந்தவங்க உட்காராம போகலாமா? வாசப்படிக்கு மேல கைகூடக் குடுக்காத மனுஷன் நீங்க."

"அதெல்லாம்... மூடநம்பிக்கை."

"எப்ப இருந்து சார்? பதிவைக் கேட்டதுல இருந்தா?"

புருனோ ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் உட்கார்ந்தாங்க. அவங்களுக்கு அது பழக்கம். செஞ்சோம்னே அவங்களுக்குத் தெரியாது. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியல, அதனால பயமும் இல்ல. இந்த ஊர்ல உட்காரப் பயப்படறவர் ஒருத்தர்தான் இருக்க முடியும். அன்னைக்கு உட்கார்ந்தவர்."

மௌனம்.

நீண்ட மௌனம். பியானோவுக்குள் கேட்டதைவிட நீளமானது. யகோதா அதைக் கலைக்கவில்லை. மௌனம் அவளுக்குப் பழகிய இடம்.

செவெரின் கதவுப் பிடியை விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல் எண்ணினார். பத்து வந்திருக்க வேண்டும். நிமிர்ந்தார்.

"உன் குரலுக்கு வயசாயிடுச்சு, இந்த வருஷத்தோட போதும்னு சொன்னான். முப்பது வருஷம் மேடம்... அதைச் சொல்லிட்டு முதுகைக் காட்டிட்டு கிளாஸைப் பொறுக்க ஆரம்பிச்சான். கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டேன். கையில கைக்குட்டை இருந்தது, கண்ணாடியைத் துடைச்சுட்டிருந்தேன்."

"அந்தக் கண்ணாடியைத்தான் பியானோ மேல மறந்தீங்க."

"ஆமா. படியேறிப் போன அப்புறம்தான் தெரிஞ்சது. திரும்பி வந்து எடுத்தேன். அங்கே கிடக்கறான்... ஆனா கால் தானா போய் உட்கார்ந்துடுச்சு." அவர் அடையாள அட்டையை மடியில் வைத்துத் தடவினார். "உட்கார்ந்தா கெட்டது விலகும்னு அம்மா சொல்லுவாங்க. உட்கார்ந்ததுதான் கெட்டதா வந்துச்சு."

மூக்குக் கண்ணாடியின் கீலில் காய்ந்துபோன ஒரு துளி ரத்தம் இருந்ததை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. ஸெனானின் ரத்தம். போகுஷுக்கு அது பிடித்திருந்தது. அதைக் கூண்டில் ஏற்றலாம்.

லெஸ்டர் அன்று மாலையே விடுதலை ஆனார். நிறைவுக் கச்சேரியில் முழு நேரமும் ஊதினார். கடைசியில் கோபுரத்து ராகத்தை எடுத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அது எப்போதும் அறுகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு, ட்ரம்பெட்டைக் கீழே வைத்தார். இப்போதும் ஊதிக்கொண்டிருக்கிறார்.

டி.வி. நடிகை வந்தாள். வாத்தியக்காரர்கள் மூன்று பேரின் பெயரை மாற்றிச் சொன்னாள். அடுத்த வருடம் அவளைக் கூப்பிடவில்லை.

கலினா விழாவை இப்போது தானே நடத்துகிறாள். நிலவறையைவிட்டு எங்கும் மாற்றவில்லை. யூரெக் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்துவதே இல்லை.

யகோதா டிராம் பாஸை இன்னும் மறக்கிறாள்.

செவெரின் லிஸுக்குக் கோர்ட் இருபத்தைந்து வருடம் கொடுத்தது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்த புருனோ, தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டதால் திரும்பிப் போய், எடுத்து, உட்கார்ந்து, எண்ணி முடித்து எழுந்து வந்து சொன்னார்.

"பத்து எண்ணினதுக்கு இருபத்தஞ்சு... வட்டி கொஞ்சம் ஜாஸ்திதான் மேடம்!"